தீக்குச்சி தொழில் படிக்க கல்கத்தாவுக்கு ரயில் ஏறிய அய்யா நாடார்: பட்டாசு ஊரின் முதல் பாடம்

திருத்தங்கல்:

தீபாவளி நெருங்கி விட்டால் திருத்தங்கல், சிவகாசி ரோட்டில் கால் வைக்க இடம் இருக்காது. மதுரை, திருச்சி, கோவை என்று வெளியூர் கார்கள் வரிசை கட்டி நிற்கும். பெட்டி பெட்டியாக பட்டாசு வாங்கிக் கொண்டு போவார்கள்.

இந்த ஊருக்கு இப்படி ஒரு பெயர் வந்ததற்கு பின்னால் 2 பேரின் ரயில் பயணம் இருக்கிறது. ஒருவர் பி.அய்யா நாடார். இன்னொருவர் அவருடைய உறவினரான அ.சண்முக நாடார்.

இருவரும் சிவகாசியில் இருந்து கல்கத்தாவுக்கு கிளம்பிய ஆண்டு 1922. 100 வருஷம் தாண்டி விட்டது. அய்யா நாடார் பெயரில் இன்றைக்கும் சிவகாசியில் கல்லூரி இருக்கிறது. ஆனால் அவர் எதற்காக அவ்வளவு தூரம் போனார், அங்கே எதைக் கத்துக்கிட்டு வந்தார் என்பது இப்போதுள்ள சின்னப் பசங்களுக்கு தெரியாது.

பட்டாசு கையில் எடுக்கும் ஒவ்வொருவரும் தெரிஞ்சிருக்க வேண்டிய கதை இது.

மழை இல்லாத ஊர்

அப்போது சிவகாசி, ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. விருதுநகர் என்ற பெயரே கிடையாது, விருதுபட்டிதான். 1923-ல்தான் அந்த ஊர் விருதுநகர் ஆனது.

சுற்றி முழுக்க கரிசல் காடு. வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தி, கம்பு, சோளம். பெய்யாவிட்டால் ஒன்றும் இல்லை. விவசாயத்தை மட்டும் நம்பி குடும்பம் நடத்த முடியாத நிலை.

அதே நேரத்தில் நாட்டில் எல்லா வீட்டுக்கும் தேவைப்படும் ஒரு பொருள் வெளிநாட்டில் இருந்து கப்பலில் வந்து கொண்டிருந்தது. அதுதான் தீப்பெட்டி. சுவீடன், ஜப்பான் நாடுகளில் இருந்து வந்த தீப்பெட்டிகள்தான் கடைகளில் விற்றன.

1922-ம் ஆண்டு வெளிநாட்டு தீப்பெட்டி மீதான இறக்குமதி வரியை வெள்ளைக்கார அரசாங்கம் உயர்த்தியது. உள்நாட்டில் தயாரித்தால் லாபம் உண்டு என்ற நிலைமை வந்தது. கல்கத்தா பக்கம் சின்னச் சின்ன தீப்பெட்டி ஆலைகள் முளைத்தன.

இந்த நேரத்தில்தான் அய்யா நாடாரும், சண்முக நாடாரும் கல்கத்தா போய் அந்தத் தொழிலை கத்துக்கிட்டு வருவது என்று கிளம்பினார்கள். இருவருமே அப்போது இளவட்டங்கள்.

ரயில் இல்லாத ஊரில் இருந்து...

சிவகாசிக்கு அப்போது ரயிலே கிடையாது. திருத்தங்கல், சிவகாசி வழியாக தென்காசி போகும் ரயில் பாதை 1927-ல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு ரயில் ஏற வேண்டும் என்றால் சாத்தூர் அல்லது விருதுபட்டி போக வேண்டும். அங்கிருந்து மதுரை, சென்னை தாண்டி 2 ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல் போனால்தான் கல்கத்தா.

பாஷை வேறு, சாப்பாடு வேறு, சொந்தபந்தம் யாரும் இல்லாத ஊர்.

அங்கே ஒரு தீப்பெட்டி ஆலையில் சில மாதங்கள் தங்கி வேலை படித்தனர். குச்சி எப்படி சீவுவது, மருந்து எந்த அளவில் கலப்பது, முக்குவது, காய வைப்பது, பெட்டியில் அடைப்பது என்று ஒவ்வொன்றும் கையால் செய்து பார்த்து கற்றுக் கொள்ள வேண்டிய வேலை.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது.

தீப்பெட்டி என்பது பார்க்க சின்னப் பொருள். ஆனால் அதில் இருப்பது விளையாட்டு மருந்து கிடையாது. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட். பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ். இரண்டும் தனித்தனியாக இருக்கும் வரை சாது. உரசும்போது மட்டும் பற்றும். அதனால்தான் இதற்கு பாதுகாப்பு தீப்பெட்டி என்று பெயர்.

இதற்கு முந்தைய காலத்தில் வெள்ளை பாஸ்பரசில் செய்த தீக்குச்சிகள் இருந்தன. எங்கே உரசினாலும் பற்றிக் கொள்ளும். அதன் புகை பட்டு தொழிலாளர்களின் தாடை எலும்பே அழுகிப் போனது. உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பி, இந்தியாவிலும் 1913-ம் ஆண்டு அதற்கு தடைச்சட்டம் வந்தது.

ஆக, எந்த மருந்தை எதோடு சேர்க்கலாம், எதோடு சேர்க்கக் கூடாது என்பதுதான் இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அதைப் படிக்கத்தான் அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது.

அணில் மார்க், காக்கா மார்க்

ஊர் திரும்பியதும் இருவரும் சேர்ந்து சிவகாசியில் தீப்பெட்டி தயாரிப்பில் இறங்கினர். பின்னர் தனித்தனியாக தொழில் நடத்தினர். அய்யா நாடாரின் அணில் மார்க்கும், சண்முக நாடாரின் காக்கா மார்க்கும் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர்கள் ஆயின.

கல்கத்தாவில் இல்லாத ஒரு வசதி சிவகாசியில் இருந்தது. விவசாயத்துக்கு சாபமாக இருந்த அதே வெயில்தான் அது. மருந்து முக்கிய குச்சி சீக்கிரமாக காய்ந்தது. காற்றில் ஈரம் குறைவு. மழை நாட்களும் குறைவு. ஊரை வாட்டிய வறட்சியே தொழிலுக்கு முதலீடு ஆனது என்று சொன்னால் மிகையல்ல.

இன்னொரு பக்கம் போட்டியும் கடுமையாக இருந்தது. சுவீடன் கம்பெனிக்காரர்கள் இந்தியாவுக்குள்ளேயே வந்து 1923-ல் விம்கோ கம்பெனியை தொடங்கி, பெரிய பெரிய மிஷின் வைத்து தீப்பெட்டி அடித்தனர். அதற்கு எதிரே சிவகாசி நின்றது கையை நம்பித்தான். கட்டை அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது என எல்லாமே கை வேலை. ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை கிடைத்தது. கிராமம் கிராமமாக தீப்பெட்டி ஆபீஸ்கள் வந்தன.

தீப்பெட்டி லேபிளை வெளியூரில் அச்சடித்து வாங்கி கட்டுப்படியாகாததால் அச்சகமும் வந்தது. லேபிளில் ஆரம்பித்து காலண்டர், டைரி, நோட்டு என்று அச்சுத் தொழில் கிளை விட்டது. ஒரு தீக்குச்சியில் இருந்து 3 தொழில் முளைத்த கதை இது. குட்டி ஜப்பான் என்ற பட்டப்பெயர் ஊருக்கு வந்து ஒட்டிக் கொண்டதும் இதனால்தான்.

மத்தாப்பில் இருந்து வெடிக்கு

அந்தக் காலத்தில் பட்டாசும் பெரும்பாலும் வெளிநாட்டில் இருந்துதான் வந்தது. தீப்பெட்டி மருந்து கலக்கத் தெரிந்த கைகளுக்கு மத்தாப்பு மருந்து புதுசு இல்லை. கலர் கலராக எரியும் மத்தாப்பு தீக்குச்சிகளில் தொடங்கி, அடுத்த கட்டமாக பட்டாசுக்கு போனது சிவகாசி.

1940-ம் ஆண்டு வெடிபொருள் விதிகள் வந்தன. பட்டாசு தயாரிக்க, வைத்திருக்க, விற்க லைசென்ஸ் கட்டாயம் என்று ஆனது. அதே நேரத்தில் 2-ம் உலகப்போர் காரணமாக வெளிநாட்டு பட்டாசு வருவதும் நின்று போனது. இதையடுத்து சிவகாசியில் முறைப்படி லைசென்ஸ் பெற்ற பட்டாசு ஆலைகள் ஒவ்வொன்றாக வந்தன. அய்யா நாடார், சண்முக நாடார் குடும்பங்களும் இந்தத் தொழிலில் கால் ஊன்றின. அணில் மார்க் பட்டாசு இன்றும் கடைகளில் இருக்கிறது.

இன்று விருதுநகர் மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் உள்ளன. நாட்டில் வெடிக்கும் பட்டாசில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது. டி.ஆர்.ஓ. லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ் என்று இந்தப் பகுதி மக்கள் சர்வ சாதாரணமாக பேசுவது இந்த விதிகளின் வழி வந்ததுதான். நாக்பூரில்தான் மத்திய வெடிபொருள் கட்டுப்பாட்டு துறையின் தலைமை அலுவலகம் உள்ளது.

நகரசபை தலைவர்

தொழிலோடு அய்யா நாடார் நிற்கவில்லை. 1955-ம் ஆண்டு முதல் 1963 வரை சிவகாசி நகரசபை தலைவராக இருந்தார். தீப்பெட்டியும், பட்டாசும், அச்சகமும் வளர்ந்து வெளியூர் ஆட்கள் வேலை தேடி வந்து குவிந்த காலம் அது.

1963-ம் ஆண்டு அவரது பெயரும், மனைவி ஜானகி அம்மாள் பெயரும் சேர்ந்த அய்யா நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி சிவகாசியில் தொடங்கப்பட்டது. திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டை, ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதி பிள்ளைகள் பட்டப்படிப்புக்கு மதுரை போக வேண்டிய கஷ்டம் குறைந்தது. வெடி ஆபீசில் வேலை பார்த்த எத்தனையோ குடும்பங்களில் இந்தக் கல்லூரிதான் முதல் பட்டதாரியை பார்த்தது.

மறுபக்கமும் உண்டு

இந்த வளர்ச்சிக்கு ஊர் கொடுத்த விலையையும் சொல்லாமல் விட முடியாது.

பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள் தீப்பெட்டி ஆபீசில் உட்கார்ந்து கட்டை அடுக்கிய காலம் உண்டு. அது நாடு முழுக்க பேசப்பட்டது. 1986-ல் குழந்தை தொழிலாளர் தடைச்சட்டம் வந்தது. சிவகாசி தீப்பெட்டி, பட்டாசு ஆலைகள் சம்பந்தமாக எம்.சி.மேத்தா தொடர்ந்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1996 டிசம்பர் 10-ந்தேதி முக்கிய தீர்ப்பு சொன்னது. அதன் பிறகு நிலைமை வெகுவாக மாறியது.

வெடி விபத்துகள்தான் இன்னும் நிற்கவில்லை. 2012 செப்டம்பர் 5-ந்தேதி முதலிப்பட்டியில் நடந்த விபத்தை இந்தப் பகுதியில் யாரும் மறக்க முடியாது. 30-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். ஆலையில் வேலை பார்த்தவர்கள் மட்டும் அல்ல. சத்தம் கேட்டு காப்பாற்ற ஓடிப்போன அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் அதில் சிக்கினார்கள்.

2016 அக்டோபர் 20-ந்தேதி சிவகாசி நகருக்குள்ளேயே பட்டாசு கடைக்கு சரக்கு இறக்கும்போது தீப்பிடித்தது. பக்கத்தில் ஸ்கேன் எடுக்க வந்து உட்கார்ந்திருந்தவர்கள் உள்பட 8 பேர் புகையில் மூச்சுத்திணறி இறந்தனர். பட்டாசுக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

விபத்து நடந்த பிறகு விசாரித்தால் பல நேரங்களில் ஒரே மாதிரி காரணங்கள்தான் வெளியே வருகின்றன. ஒரு அறையில் 4 பேர்தான் வேலை பார்க்கலாம் என்ற இடத்தில் கூடுதல் ஆட்கள். அறைக்குள் செய்ய வேண்டிய வேலையை மரத்தடியில் வைத்து செய்வது. கலந்த மருந்தை அன்றே தீர்க்காமல் மிச்சம் வைப்பது. மருந்தை வேகமாக உரசுவது. உள்குத்தகைக்கு விடுவது.

எல்லாவற்றையும் விட பெரிய ஆபத்து வீட்டில் வைத்து திரி திரிப்பதும், வெடி செய்வதும்தான். ஆர்டர் கூடினால் சில கிராமங்களில் ரகசியமாக இது நடக்கிறது. அடுப்பு எரியும் வீட்டில், பிள்ளைகள் தூங்கும் அறையில் கருந்திரி மூட்டை. ஒரு பொறி விழுந்தால் அம்புட்டுதான், பக்கத்து வீடும் சேர்ந்து போகும். லைசென்ஸ் இல்லாமல் வெடிபொருள் தயாரித்தால் 1884-ம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி 3 ஆண்டு வரை ஜெயில் தண்டனை உண்டு.

கந்தகத்தையும் குளோரேட்டையும் சேர்த்து பட்டாசு செய்வதற்கு 1992 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது. லேசாக உரசினாலே வெடிக்கும் கலவை அது. எதை எதோடு சேர்க்கக் கூடாது என்று படிக்க 2 பேர் கல்கத்தா வரை போன ஊரில், அந்தப் பாடத்தை மறந்தவர்களால்தான் இன்றும் உயிர்ப்பலி ஆகிறது என்பது வேதனை.

வாங்கும் முன்பு...

ஆலையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் விதி என்று நினைக்கக் கூடாது. வாங்கி வெடிக்கும் பொதுமக்களுக்கும் உண்டு.

லைசென்ஸ் உள்ள கடையில் மட்டும் வாங்க வேண்டும். பெட்டியில் தயாரித்த ஆலையின் பெயர், முகவரி இருக்க வேண்டும். பசுமை பட்டாசு என்றால் நீரி நிறுவனத்தின் முத்திரையும், கியூ.ஆர். கோடும் இருக்கும். பெயர் இல்லாத பெட்டி, பேப்பரில் சுற்றித் தரும் வெடி, வெளிநாட்டு பட்டாசு எதையும் தொடக் கூடாது.

சுப்ரீம் கோர்ட்டு 2018 அக்டோபர் 23-ந்தேதி அளித்த தீர்ப்பில் சரவெடிக்கு தடை போட்டது. பேரியம் உப்பு கலந்த பட்டாசுக்கும் தடை. 2021 அக்டோபரில் அதை மீண்டும் உறுதி செய்தது. ஆகவே யாராவது ரகசியமாக சரவெடி தருவதாக சொன்னால் அது சட்டவிரோதம்.

தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளி அன்று காலை 6 மணி முதல் 7 மணி வரை, இரவு 7 மணி முதல் 8 மணி வரை என 2 மணி நேரம் மட்டும் பட்டாசு வெடிக்க அரசு அனுமதி அளித்து வருகிறது. நேரம் தவறி வெடித்தவர்கள் மீது ஒவ்வொரு ஆண்டும் போலீசார் வழக்குப்பதிவு செய்து வருவது குறிப்பிடத்தக்கது.

ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டு, வழிபாட்டு தலங்களில் இருந்து 100 மீட்டருக்குள் வெடிக்கக் கூடாது. வெடிச் சத்தம் 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலை தாண்டக் கூடாது என்பதும் விதி.

திருத்தங்கலில் இறங்கி பட்டாசு வாங்கி ரயிலில் கொண்டு போகலாம் என்று வருபவர்கள் கவனிக்கவும். ரயிலில் பட்டாசு கொண்டு போனால் ரயில்வே சட்டப்படி 3 ஆண்டு வரை ஜெயில் அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும். பஸ்சிலும் கொண்டு போகக் கூடாது.

வெடிக்கும்போது...

வீட்டில் பட்டாசு பெட்டியை அடுப்பு, சாமி விளக்கு பக்கம் வைக்கக் கூடாது. மண்பாங்கான, காய்ந்த இடத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். வெடிக்கும் இடத்துக்கு மொத்தப் பெட்டியையும் தூக்கிப் போகாமல் ஒவ்வொன்றாக எடுத்துப் போக வேண்டும்.

வெட்டவெளியில்தான் வெடிக்க வேண்டும். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும், கொஞ்சம் மணலும் தயாராக இருக்கட்டும். நைலான், பட்டு துணி வேண்டாம், பருத்தி துணிதான் நல்லது. காலில் செருப்பு கட்டாயம்.

தீக்குச்சியால் கிட்டப்போய் பற்ற வைக்காமல் நீளமான ஊதுபத்தியால் தள்ளி நின்று பற்ற வைக்க வேண்டும். முகத்தை வெடிக்கு மேலே கொண்டு போகவே கூடாது. கையில் பிடித்து வெடிப்பது வீரம் இல்லை. டப்பா, தேங்காய் சிரட்டை, பாட்டில் போட்டு மூடி வெடிப்பதும் ஆபத்து.

வெடிக்காமல் போன வெடியை எட்டிப் பார்த்தால் கண்ணை இழக்கும் ஆபத்து உண்டு. நமத்துப் போச்சு என்று கையில் எடுக்காமல், நேரம் விட்டு தள்ளி நின்று தண்ணீர் ஊற்றி விட வேண்டும். எரிந்து முடிந்த கம்பி மத்தாப்பின் கம்பி வெகு நேரம் சூடாக இருக்கும். அதை தரையில் போடாமல் வாளி தண்ணீரில் போட்டால் அடுத்தவர் கால் தப்பிக்கும்.

ராக்கெட்டை குடிசை, வைக்கோல் படப்பு பக்கம் விடவே கூடாது. சின்னப் பிள்ளைகள் வெடிக்கும்போது அப்பா, அம்மா, அண்ணன் யாராவது ஒரு பெரியவர் கூடவே நிற்க வேண்டும்.

தீக்காயம் பட்டால் 20 நிமிஷம் குழாய் தண்ணீரை விட வேண்டும். ஐஸ் வேண்டாம். பேஸ்ட், இங்க், மாவு எதையும் தடவக் கூடாது. கண்ணில் பட்டால் கசக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும். தீ பிடித்தால் 101, ஆம்புலன்சுக்கு 108.

பத்தடி தள்ளி நிற்கலாமே

அய்யா நாடாரும் சண்முக நாடாரும் மறைந்து பல ஆண்டுகள் உருண்டோடி விட்டன. திருத்தங்கலும் 2021-ல் சிவகாசியோடு சேர்ந்து மாநகராட்சி ஆகி விட்டது. மருந்தின் குணம் மட்டும் 1922-ல் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. அதற்கு முதலாளி, தொழிலாளி, பெரியவர், பிள்ளை என்ற வித்தியாசம் தெரியாது.

இங்கே ஒவ்வொரு வெடியும் யாரோ ஒரு அம்மா, யாரோ ஒரு அக்கா உயிரை பணயம் வைத்து திரி வைத்தது. அதை வாங்கிப் போகும் வீட்டில் ஒரு விரல் கூட சுடாமல் தீபாவளி முடிந்தால், அதுதான் அவர்களுக்கும் சந்தோஷம்.

தீயை எப்படி தொட வேண்டும் என்று படிப்பதற்காக 2 பேர் இந்த ஊரில் இருந்து 2 ஆயிரம் கிலோ மீட்டர் போனார்கள். திரியை பற்ற வைத்து விட்டு பத்தடி தள்ளி நிற்பது ஒன்றும் பெரிய தூரம் இல்லை.